மழைக்கு முன் மாடி, மாசியில் பெயின்ட்

பொங்கல் நெருங்கினால் பெயின்ட் கடைகளில் நிற்க இடமிருக்காது. போகிக்குள் வீட்டை வெள்ளையடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவர் மார்கழியிலும் உள்ளுக்குள் ஈரமாகத்தான் இருக்கும். அந்த ஈரத்தின் மேல் பெயின்டைப் பூசி மூடினால், வெயில் ஏற ஏற உள்ளே இருக்கும் தண்ணீர் பெயின்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பங்குனியில் கொப்புளம் தெரியும், சித்திரையில் உப்புப் பூக்கும், அடுத்த மழையில் பொரிந்து உதிரும். அடுத்த பொங்கலுக்கு மறுபடியும் அதே செலவு.

பள்ளிக் கட்டணம், மருந்து, மளிகை எல்லாம் போக மிஞ்சுவதை வைத்து வீட்டைச் சீராக்க நினைக்கும் குடும்பத்தை அதிகம் வாட்டுவது இந்த இரட்டைச் செலவுதான். கையில் காசு குறைவாக இருக்கும்போது, எதை வாங்குகிறோம் என்பதைவிட எதை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே செலவு கூடும், குறையும். முதலில் தண்ணீர், அடுத்து கரண்ட், பிறகு வெளிச்சமும் காற்றும், அதன்பின் சுவர், கடைசியில் அலங்காரம். இந்த வரிசையில் போனால் இந்த மாதம் செய்த வேலையை அடுத்த வேலை கெடுக்காது. முழுவதையும் ஒரே மூச்சில் செய்யவும் வேண்டாம். ஓர் ஆண்டுக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

மாடியில் தொடங்குங்கள்

சீலிங்கில் ஈரத் திட்டு தெரிந்தால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். கான்கிரீட் மாடியாக இருந்தால் ஒரு சோதனை இருக்கிறது. மழைநீர் இறங்கும் குழாயின் வாயைச் சாக்குத் துணியால் அடைத்து, மாடியில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, கீழே வந்து சீலிங்கைப் பாருங்கள். ஈரம் படரும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, சுவரிலிருந்து அதன் தூரத்தை அளந்து மாடியிலும் குறித்துக்கொண்டால், எந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். சீலிங்கில் தெரியும் இடத்துக்கு நேர் மேலேயே ஓட்டை இருக்கும் என்று சொல்ல முடியாது. மாடியின் மேட்டுப் பக்கமாகச் சில அடி தள்ளியும் பாருங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. 100 சதுர அடியில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் அதன் எடை 230 கிலோவுக்கு மேல். ஆகவே கம்பி தெரிய காரை விழுந்த சீலிங்கிலும், மரச் சட்டத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையிலும் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

பெரும்பாலும் குற்றவாளி பெரியதாக இருக்காது. அரச இலையும் குப்பையும் அடைத்த குழாய் வாய், தட்டோடுகளுக்கு இடையே உதிர்ந்துபோன சிமென்ட், கைப்பிடிச் சுவரும் தரையும் சேரும் மூலை, தண்ணீர் டேங்க்கின் அடிப்பகுதி ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உதிர்ந்த சிமென்டைச் சுரண்டி எடுத்து, தூசியைக் கழுவி, காயவிட்டு, நீர்க்கசிவு தடுக்கும் கலவையால் நிரப்ப வேண்டும். மூலையை நேர்க்கோணமாக விடாமல் சரிவாகப் பூசினால் அங்கே தண்ணீர் தேங்காது. மாடி முழுக்கப் பூச்சு அடிக்கச் சொல்லும் முன் இந்தச் சிறு வேலைகளைச் செய்து ஒரு மழை பாருங்கள். பல வீடுகளில் இதுவே போதும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடமும் இதே சீலிங்தான். துரு ஏறிய கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை உடைக்கும். அதன் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது ஆபத்தை மறைப்பதுதான். காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள். மற்ற வேலையெல்லாம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

கசிவு நின்ற மாடிக்குப் பங்குனி மாதத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும். மேல்மாடி அறை கத்திரி வெயிலில் குறைவாகக் காயும். மழையில் அது கரைந்துவிடும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும். ஆனாலும் குளிர்சாதனப் பெட்டியோடு ஒப்பிட்டால் இது சொற்பச் செலவு.

சுவரின் ஈரம் எங்கிருந்து வருகிறது?

சுவரில் ஓதம் கண்டால் உடனே ‘டேம்ப் ப்ரூஃப்’ பெயின்ட் வாங்கக் கிளம்ப வேண்டாம். ஓர் அடி சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் ஈரமாக இருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம் தங்கியிருக்கிறது. அதற்கு மருந்து ஜன்னலைத் திறப்பதும், ஈரத் துணியை அறைக்குள் காயப்போடாமல் இருப்பதும்.

உள்ளிருந்து வந்தால் இடத்தைக் கவனியுங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கம் என்றால் குழாய்க் கசிவு. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை பட்டையாக உப்புப் பூத்திருந்தால் மண் ஈரம் ஏறுகிறது. வெளியே போய்ப் பாருங்கள்: சுவரை ஒட்டி மண் குவிந்திருக்கும், அல்லது செடித்தொட்டி வரிசையாக இருக்கும், அல்லது துவைக்கும் கல்லின் தண்ணீர் அங்கேயே தேங்கும். மண்ணை வெட்டி பேஸ்மட்டத்துக்குக் கீழே இறக்கி, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுப்பதற்கு ஒரு மண்வெட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். ஓதத்தை மறைக்க டைல்ஸ் ஒட்டும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அங்கே வெளியேற முடியாத ஈரம் டைல்ஸுக்கு மேலே போய் எட்டிப் பார்க்கும்.

சொட்டும் குழாய்

நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் ஒரு நாளில் ஏறக்குறைய 20 லிட்டர் தண்ணீரை வீணாக்கும். மாதத்துக்கு 600 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இது காசு. மோட்டார் போடும் வீட்டில் இது கரண்ட். பெரும்பாலும் தேவைப்படுவது ஒரு வாஷர்தான். மரை வழியாகக் கசிந்தால் டெஃப்லான் டேப்பை நாலைந்து சுற்று சுற்றி முடுக்கினால் நிற்கும்.

ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் கசிகிறதா என்று பார்க்க, அதில் சொட்டு நீலம் சில துளிகள் விட்டு அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் வையுங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது.

குளியலறை டைல்ஸில் உப்புக் கறை படிந்தால் ஆசிட் ஊற்றுகிறார்கள். கறையோடு சேர்ந்து டைல்ஸின் இடையே உள்ள சிமென்டும் கரைகிறது. அந்த இடைவெளிகள் வழியாகத்தான் பிறகு கீழ்வீட்டுச் சீலிங்கில் ஈரம் இறங்குகிறது. எலுமிச்சையோ வினிகரோ தேய்த்துச் சிறிது நேரம் ஊறவிட்டுப் பிரஷ்ஷால் தேய்ப்பது மெதுவான வழி, பாதுகாப்பான வழி. அப்போதும் அதிக நேரம் ஊறவிடாமல் நன்றாகக் கழுவிவிடுங்கள். பழைய இடைவெளிகளைச் சுரண்டிவிட்டுப் புதிதாக கிரௌட் நிரப்பினால், டைல்ஸ் மாற்றாமலே குளியலறை புதிதாகத் தெரியும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும்.

கரண்ட், வெளிச்சம், காற்று

தொட்டால் சுடும் சுவிட்ச், கருகிய பிளக், அடிக்கடி போகும் ஃபியூஸ் இருந்தால் அதுதான் அடுத்த வேலை. எலக்ட்ரீஷியன் வரும்போது எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் அதைப் பொருத்துங்கள். மின்கசிவு வந்தால் நொடிக்குள் இணைப்பைத் துண்டித்து உயிரைக் காக்கும் கருவி அது. திரைச்சீலைக்கு வைத்த பணம் இதற்குப் போனாலும் நல்லதே.

மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் புதிது வாங்க வேண்டாம். இறக்கைகளைத் துடைத்து, கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரு கணக்கு: பழைய விசிறி சுமார் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி விசிறி சுமார் 30 வாட். ஒரு நாளில் 12 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 16 யூனிட் மிச்சம். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வருவதால் ஒரு பில்லுக்கு 32 யூனிட். 500 யூனிட்டைத் தொட்டுத் தொட்டு வரும் வீட்டுக்கு இது முக்கியம். அந்த எல்லையைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் என்றில்லை. கட்டண அடுக்கே மாறிவிடும். அதிக நேரம் ஓடும் விசிறியை முதலில் மாற்றுங்கள்.

வெளிச்சத்துக்குச் செலவே இல்லாத வழிகள் முதலில் இருக்கின்றன. ஜன்னல் மேடையில் குவிந்த டப்பாக்களை எடுத்து, கண்ணாடியைக் கழுவி, பழைய செய்தித்தாள் ஒட்டி மூடிய வென்டிலேட்டரைத் திறந்துவிடுங்கள். சூடான காற்று மேலே ஏறும். அது வெளியே போக அந்தத் திறப்பு வேண்டும். எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே நிற்கும் பீரோவை ஓரமாக நகர்த்தினாலே அறையில் காற்று ஓடும். ஓட்டு வீட்டில் இருட்டான இடத்துக்கு மேலே ஒரு கண்ணாடி ஓடு பொருத்தினால் பகலில் பல்பே தேவைப்படாது. சீலிங் வெள்ளையாக இருந்தால் சின்ன விளக்கின் ஒளியும் அறை முழுக்கப் பரவும்.

பெயின்ட்: அளந்து வாங்குங்கள்

கசிவு நின்று, சுவர் காய்ந்தபின் பெயின்ட். தை பாதிக்கு மேல், மாசி, பங்குனி இதற்கேற்ற மாதங்கள். பொங்கலுக்கு முன் அடித்தே ஆக வேண்டும் என்றால் வாசல் கதவையும் முன் அறையின் காய்ந்த சுவர்களையும் மட்டும் செய்துவிட்டு மற்றதைத் தள்ளிவையுங்கள்.

கடைக்குப் போகும் முன் கணக்குப் போடுங்கள். 12 அடிக்கு 10 அடி அறையின் சுற்றளவு 44 அடி. சுவர் உயரம் 10 அடி என்றால் 440 சதுர அடி. ஏழுக்கு மூன்றடிக் கதவு 21, நாலுக்கு நாலடி ஜன்னல் 16. கழித்தால் ஏறக்குறைய 400 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு 800. ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு எத்தனை சதுர அடி வரும் என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். 120 என்றால் 7 லிட்டர் போதும். பத்து லிட்டர் வாளி வாங்காமல் நாலு லிட்டர் ஒன்றும் ஒரு லிட்டர் மூன்றும் வாங்கலாம். இயந்திரத்தில் கலக்கும் நிறமாக இருந்தால் அந்த நிற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு திட்டை மறைக்க ஒரு லிட்டர் வாங்கும்போது உதவும்.

பெயின்டைவிட அதற்கு முந்திய வேலைதான் நிற்கும். பொரிந்ததைச் சுரண்டி எடுக்க வேண்டும், விரலால் தேய்த்தால் மாவாக வரும் பழைய டிஸ்டெம்பரை ஈரத்துணியாலும் உப்புத்தாளாலும் நீக்க வேண்டும், பள்ளத்தில் மட்டும் பட்டி வைக்க வேண்டும், காய்ந்ததும் தேய்த்துத் தூசி துடைத்துப் பிரைமர் அடிக்க வேண்டும். சுவர் முழுக்கப் பட்டி பார்க்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கண்ணாடி போன்ற வழவழப்பு வேண்டாம் என்றால் அந்தச் செலவும் வேண்டாம். சுரண்டுவதும் தேய்ப்பதும் வீட்டார் செய்யக்கூடியவை. பெயின்டரிடம் ‘லேபர் மட்டும்’ எவ்வளவு, ‘மெட்டீரியலோடு’ எவ்வளவு என்று இரண்டு விலையும் கேட்டு முடிவெடுங்கள். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது அவசியம். பழைய எனாமலில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதை உலரத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், குழந்தைகளைத் தள்ளி வைக்க வேண்டும்.

சுண்ணாம்பை மறக்க வேண்டாம்

சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடுகளுக்கும், மண் சுவருக்கும், மாட்டுத் தொழுவம், மதில் போன்றவற்றுக்கும் இன்றும் சுண்ணாம்புதான் பொருத்தம். அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காது. காரத்தன்மை உள்ளதால் பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது. கிளிஞ்சல் சுண்ணாம்பை இரும்பு டிரம்மிலோ மண் தொட்டியிலோ போட்டுத் தண்ணீர் விட்டால் கொதித்து வெடிக்கும். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டைத் தாங்காது. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி அணிந்து, தள்ளி நின்று, குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்யுங்கள். ஓர் இரவு ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, பசையும் துளி நீலமும் சேர்த்து மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும்.

சுவரைத் தண்ணீரால் நனைத்துவிட்டு மெல்லிசாக அடியுங்கள். அடிக்கும்போது ஒன்றுமே ஒட்டாததுபோல் சுவர் தெரியும். கைக்கு நம்பிக்கை வராமல் கெட்டியாக அடித்தால் அது பின்னால் ஏடு ஏடாக உரியும். மெல்லிசாகவே விடுங்கள், காயக் காய வெண்மை மேலேறி வரும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துச் சுண்ணாம்பு மறுபடி கல்லாக இறுகுவதால்தான் இப்படி. ஒரு நாள் விட்டு இரண்டாம் கை, தேவையானால் மூன்றாம் கை. எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது. அங்கே முயல வேண்டாம்.

பழையதில் நல்லது

பிர்மிங்ஹாமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007), இடித்த வீடுகளின் கதவையும் ஜன்னலையும் மரத்தையும் வாங்கிப் புது வீடுகளில் பயன்படுத்தினார். காலி பாட்டில்களைச் சுவரில் பதித்து வெளிச்சம் கொண்டுவந்தார். ஏழைக்கும் அழகான வீடு உண்டு என்பதை அவர் கட்டிக் காட்டினார். நாமும் புது பிளைவுட் அலமாரிக்கு முன் பழைய மரத்தைத் தேடலாம். சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரியான இடங்களிலும், ஊருக்கு ஊர் இருக்கும் பழைய கதவு ஜன்னல் கடைகளிலும் தேக்கு நாற்காலியும் மேசையும் கிடைக்கும். வாங்கும் முன் காலைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தாலோ அடியில் மாவு கொட்டினாலோ கரையான் அல்லது உளு. எவ்வளவு மலிவாக இருந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

துணிக்கும் பாய்க்கும் நம் பக்கத்திலேயே ஊர்கள் இருக்கின்றன. சென்னிமலைப் படுக்கை விரிப்பை இரண்டாகத் தைத்தால் ஜன்னல் திரை. பவானி ஜமக்காளம் விரித்த திண்ணைக்கு சோபா வேண்டாம். முசிறிப் பக்கத்துக் கோரைப் பாயை மேற்கு ஜன்னலில் வெளிப்புறமாகத் தொங்கவிட்டால், வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுக்கப்படும். திரைக்குத் துணி வாங்கும்போது ஜன்னல் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்காவது எடுங்கள். குறைந்தால் மடிப்பு விழாது.

வாடகை வீடாக இருந்தால்

2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், யார் எந்தப் பழுதைப் பார்க்க வேண்டும் என்று பிரித்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை கட்டடப் பழுது, வெள்ளையடித்தல், கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பூட்டு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒழுகும் மாடிக்கு உங்கள் காசைப் போடும் முன் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். நீங்களே செய்து வாடகையில் கழித்துக்கொள்வதாக முடிவானால் தொகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் சொந்தச் செலவு, காலி செய்யும்போது கூடவே எடுத்துப்போகக்கூடிய விசிறி, விளக்கு, திரை, அலமாரி இவற்றோடு நிற்கட்டும்.

ஓர் ஆண்டுக்கான திட்டம்

பங்குனியில், கசிவு இல்லாத மாடிக்குச் சுண்ணாம்பு. சித்திரை, வைகாசியில் மாடி விரிசலும் வெளிச்சுவரும். ஆனி, ஆடியில் குழாயும் கரண்டும். ஆடித் தள்ளுபடியில் துணி. புரட்டாசிக்குள் மழைநீர்க் குழாயையும் சாக்கடையையும் சுத்தம் செய்துவிட வேண்டும். மழை மாதங்களில் எந்தச் சுவர் எங்கே நனைகிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். அடுத்த ஆண்டுச் செலவுக்கு அதுதான் வழிகாட்டி. மாசியில் ஓர் அறைக்குப் பெயின்ட். ஆண்டுக்கு ஓர் அறை என்றாலும் போதும்.

இப்படிப் பிரித்தால் ஒவ்வொரு மாதமும் ஆகும் தொகை சம்பளத்துக்குள் அடங்கும். வெள்ளையடிக்க நகையை அடகு வைக்க வேண்டியதில்லை; சீட்டுப் பணத்தை முன்கூட்டி எடுக்க வேண்டியதில்லை. இந்த வாரம் எதில் தொடங்குவது என்று கேட்டால், மாடிக்கு ஏறி மழைநீர்க் குழாயின் வாயைப் பாருங்கள். அங்கே குப்பை இருந்தால் உங்கள் முதல் வேலை கிடைத்துவிட்டது, அதற்குச் செலவும் இல்லை.